சைடு வீல் ஸ்கூட்டரும் இடது பக்கத் திருப்பமும்

சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஊரார் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: "மெதுவாப் போங்க." டாக்டர் சொல்வார். பெட்ரோல் பங்க்கில் நிற்கிற பையன் சொல்வான். கல்யாண வீட்டு வாசலில் வண்டியை எடுக்கும்போது நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வண்டியில் ஓடியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மெதுவாகப் போவது பாதி விஷயம்தான். மீதிப் பாதி வண்டியின் முன்பக்கத்தில், அந்த இரண்டு போர்க் குழாய்களுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கிலும் ஆயிலிலும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 1955-ல் பிறந்தவன். இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இடது காலின் பலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போலியோ சொட்டு மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. 1978-ல் திருநெல்வேலியில் அரசு வேலை, கணக்குப் பிரிவு. முதல் பன்னிரண்டு வருஷம் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள். வெயில் காலத்தில் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் சட்டை பிழியலாம். 1990-ல் பி.எஃப். கடன் போட்டு ஒரு கியர் ஸ்கூட்டர் வாங்கி, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டினேன். அன்றைக்கு எனக்கு வயது முப்பத்தைந்து. அதுவரை அடுத்தவர் பின்னால் உட்கார்ந்தே போனவன், முதல்முறையாக ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த ஒருவர் என் மனைவி.

2013-ல் ரிட்டயர் ஆனேன். வந்த பணத்தில் கியர் இல்லாத புது ஸ்கூட்டர். பழைய வண்டியில் வலது காலால் மிதிக்க வேண்டிய பிரேக் இதில் கைக்கே வந்துவிட்டது. இதற்கும் சைடு வீல் மாட்டியாயிற்று. ஓட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருந்தது, நேர் ரோட்டில்.

திருப்பத்தில்தான் வினை. பாளையங்கோட்டையில் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் இடது பக்கம் திரும்ப வேண்டும். 2014 தொடக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம், நானும் மனைவியும் வருகிறோம். பாதித் திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளோடு குறுக்கே வந்தான். பிரேக் பிடித்தேன். வண்டியின் மூக்கு சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. ஹேண்டில் கையில் துள்ளியது. அதே நொடியில் இடது பக்கச் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி, மறுபடி 'தொப்'பென்று விழுந்தது. வேகம் என்று பார்த்தால் பதினைந்து கிலோமீட்டர்கூட இராது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் நம் ஊர்ப் பெண்கள் சேலை கட்டி ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள், இடது பக்கம் காலைப் போட்டு. அந்தச் சக்கரம் எழும்பியது என் மனைவியின் காலுக்கு அடியில். நான் உணர்ந்ததை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "நான் ஆட்டோல வந்துக்கிடுதேன். நீங்க முன்ன போங்க."

அப்படி நாலு மாதம் நடந்தது. ஒரே கோயிலுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு வண்டி. நான் முன்னால், என் பின்னால் ஆட்டோவில் அவள். மகன் போனில், "வித்துருங்கப்பா, கால் டாக்சி வச்சுக்கிடலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வண்டியை விற்பது என்றால் எனக்கு அது வண்டியை மட்டும் விற்பது ஆகாது. நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்கு, யாரையும் கேட்காமல் போகிற ஒரே வழி அது. இரண்டு கால் உள்ளவர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.

வண்டி ஏன் அப்படிச் செய்தது? இதைப் புரிந்துகொள்ள ஒரு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால் பின்னால், ஒரு கால் முன்னால். மூன்று காலும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். (நடுவில் ஸ்கூட்டரின் சொந்தப் பின்சக்கரமும் இருக்கிறது. ஆனால் கவிழ்வதைப் பொறுத்தவரை ஓரத்துச் சக்கரங்கள்தான் கணக்கு.) வண்டி, ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் எல்லாருடைய பாரமும் சேர்ந்து அழுத்துகிற புள்ளி அந்த முக்கோணத்துக்குள் இருக்கிறவரை வண்டி நிற்கும். கோட்டைத் தாண்டினால் கவிழும்.

திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் தள்ளும். இந்தத் தள்ளல் வேகத்தின் இரட்டைப் பெருக்கில் கூடும். பதினைந்தில் திரும்புவதைவிட இருபதில் திரும்பும்போது ஐந்து கிலோமீட்டர்தானே அதிகம் என்று நினைப்போம். தள்ளல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடும். அதோடு பிரேக்கும் பிடித்தால் பாரம் முன்னாலும் ஓடும். முக்கோணம் பின்னால் அகலம், முன்னால் கூர்மை. பாரம் முன்னால் போகப் போக, கோட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். பின்னால் இருந்திருந்தால் தாங்கியிருக்கும் அதே தள்ளலை முன்னால் தாங்காது. ஆட்டோ திருப்பத்தில் ஒரு பக்கம் தூக்குவதற்கும் இதுதான் காரணம். இங்கிலாந்தில் 1973-ல் வந்த ரிலையண்ட் ராபின் என்ற மூன்று சக்கரக் காருக்கும் முன்னால் ஒற்றைச் சக்கரம்தான். திருப்பத்தில் சாய்வதை வைத்து அந்த ஊரில் அதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. பின்னாளில் வந்த பியாஜியோ எம்.பி.3, கேன்-ஆம் ஸ்பைடர் போன்ற மூன்று சக்கர வண்டிகளில் இரண்டு சக்கரத்தை முன்னால் வைத்துவிட்டார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. இருக்கிற ஸ்கூட்டரில் ஒட்டுப்போடுவதென்றால் பின்னால்தான் போட முடியும்.

இன்னொரு சங்கதி. ஸ்கூட்டரின் முன் போர்க், சாய்ந்து திரும்புகிற வண்டிக்காகச் செய்யப்பட்டது. இரண்டு சக்கர வண்டி திருப்பத்தில் உள்பக்கம் சாயும். அதனால் விசை போர்க்கின் நீளவாக்கிலேயே இறங்கும். சைடு வீல் மாட்டிய வண்டி சாயாது. விசை போர்க்கை குறுக்காகத் தள்ளும். அதனால்தான் நம் வண்டிகளில் கோன்செட் சீக்கிரம் ஆடிப்போகிறது, முன் டயர் ஓரமாகத் தேய்கிறது, ஹேண்டில் கனக்கிறது. ஐரோப்பாவில் பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1955 முதல் 1969 வரை செய்த மோட்டார் சைக்கிள்களில் ஏர்ல்ஸ் போர்க் என்று ஒன்று உண்டு. அதில் முன்சக்கரத்தைத் தாங்கும் கையை மாட்ட இரண்டு துளை இருக்கும். தனியாக ஓட்ட ஒன்று, பக்கத் தொட்டியோடு ஓட்ட ஒன்று. அந்தப் போர்க் பிரேக் பிடித்தால் குனியவும் குனியாது. மகன் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டியபோது, நமக்கு இருக்கிற வியாதி வேறு ஊரிலும் இருந்திருக்கிறது, அதற்கு மருந்தும் கண்டிருக்கிறார்கள் என்று ஒரு ஆறுதல் வந்தது.

நான் மூன்று மெக்கானிக்கிடம் காட்டினேன். இரண்டு பேர் வழக்கமான புத்திமதியைச் சொன்னார்கள். சமாதானபுரம் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருந்த மூன்றாவது ஆள், என்னைவிட இருபது வயது இளையவர், ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பக்கம் திரும்பும்போது அண்ணாச்சி?"

"ரெண்டு பக்கமும் இருக்கு தம்பி. இடது பக்கம்தான் மோசம்."

"பிரேக் பிடிச்சா மட்டுமா, சும்மா திரும்பினாலுமா?"

"பிரேக் பிடிச்சா."

"அப்போ முன்னாடிதான் பாக்கணும். இறங்காதீங்க, அப்படியே வண்டியில இருங்க."

வண்டியை மட்டும் பார்க்காமல், என்னை வண்டிமேல் வைத்துப் பார்த்த முதல் மெக்கானிக் அவர்தான்.

போர்க்கின் பளபளப்பான கம்பியில் ஒரு சாதாரண ரப்பர் பேண்டைச் சுற்றி, கீழே சீல் வரை தள்ளிவிட்டார். வண்டியில் ஆள் ஏறினால் போர்க் அமுங்கும். ரப்பர் பேண்டு மேலே தள்ளப்படும். இறங்கிய பிறகு அது நின்ற இடத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் எவ்வளவு அமுங்கியது என்று தெரியும். இவ்வளவு எளிமையான கருவி. என் வண்டியின் போர்க் மொத்தமே 80 மில்லிமீட்டர்தான் அமுங்கும். நான் ஏறினால் 30. பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு? மனைவி வர மாட்டாள். தம்பி பக்கத்துக் கடையிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு வாங்கி வந்து பின் சீட்டில் கட்டினார். 36. அப்படியே ரோட்டில் ஓட்டி, ஒரு தடவை அழுத்திப் பிரேக் பிடிக்கச் சொன்னார். 78. அதாவது ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, அடியில் இடித்து நிற்கிறது. அதற்கப்புறம் குழியோ மேடோ வந்தால் தாங்குவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.

ஏன் இப்படி என்று அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். முதலாவது, சைடு வீலும் அச்சும் தாங்கு கம்பிகளும் சேர்ந்து வண்டிக்கு முப்பது கிலோ கூடிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது அந்த எடையும் முன்னால் வந்து விழும். இரண்டாவது, பின்பாரத்தில் ஒரு பங்கைச் சைடு வீல்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அவற்றில் பிரேக் இல்லை. பிரேக் உள்ள நடுச் சக்கரத்துக்குப் பாரம் குறைந்ததால் பிடிப்பும் குறைந்தது. எனவே வண்டியை நிறுத்துகிற வேலை முக்கால்வாசி முன் பிரேக்குக்கே வந்துவிட்டது. மூன்றாவது, போர்க் குனியும்போது அதன் சாய்வு மாறுகிறது. நாற்காலிச் சக்கரம் தள்ளும் திசைக்குப் பின்னால் இழுபட்டு நேராகுமே, அதே மாதிரி ஸ்கூட்டரின் முன்சக்கரமும் ஸ்டியரிங் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால்தான் தரையைத் தொடும். அந்த இடைவெளிதான் ஹேண்டிலை நிதானமாக வைத்திருப்பது. மூக்கு குனிந்தால் அந்த இடைவெளி குறையும். ஹேண்டில் திடீரென்று லேசாகித் துள்ளும். அதுவும் பாதித் திருப்பத்தில்.

வேலை பின்னாலிருந்து ஆரம்பித்தது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்னை ஏற்றி, சைடு வீல்களின் உயரத்தைச் சரிபார்த்தார். சைடு வீல் ரொம்பத் தாழ்ந்திருந்தால் நடுச் சக்கரத்தைத் தூக்கிவிடும், பிரேக்கும் போகும், இழுவையும் போகும். ரொம்ப உயர்ந்திருந்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். என் வண்டியில் இடது சக்கரம் வலதைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தது. அதைச் சமன் செய்தார்.

இரண்டாவது, கோன்செட். ஆடிப்போன கோன்செட்டை வைத்துக்கொண்டு போர்க்கில் என்ன செய்தாலும் வீண் என்றார். புதுசு மாட்டினார். ரொம்ப முறுக்கவும் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி விட்டால் ஹேண்டில் தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும்.

மூன்றாவது, ஆயில். ஆயில் ஒரு விஷயத்தைத்தான் செய்யும்: போர்க் எவ்வளவு வேகமாக அமுங்குகிறது, எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதை. எவ்வளவு தூரம் அமுங்கும் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங். இந்த வித்தியாசம் தெரியாமல், ஆயிலை மட்டும் கெட்டியாக்கிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. மெதுவாகக் குனியும், ஆனால் கடைசியில் அதே இடத்துக்குத்தான் குனியும். எங்கள் வண்டியில் 10 டபிள்யூ ஆயிலுக்குப் பதில் 20 டபிள்யூ ஊற்றினார். இரண்டு காலிலும் மேலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேல் விட்டு அளந்து ஒரே அளவாக வைத்தார். மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும். கடைசிக்கட்ட அமுக்கத்தில் அந்தக் காற்றே ஒரு ஸ்பிரிங் மாதிரி தாங்கும். ஆனால் அளவுக்கு மீறினால் ஆயில் சீல் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

நாலாவது, ஸ்பிரிங். ஸ்பிரிங் கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே பெரிய வண்டியின் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டால் முன்பக்கம் இரும்புத்தடி மாதிரி ஆகி, சக்கரம் குழியில் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாவிட்டால் திருப்பமும் இல்லை. தம்பி செய்தது வேறு. இருக்கிற ஸ்பிரிங்கில் நாற்பது சுற்றில் நாலு சுற்றை வெட்டினார். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். இந்தக் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று. வெட்டிய முனையைச் சூடேறாமல் தேய்த்துத் தட்டையாக்கினார். குறைந்த நீளத்துக்கு லேத் பட்டறையில் இரண்டு புஷ் கடைந்து வந்து மேலே வைத்தார், எட்டு மில்லிமீட்டர் கூடுதலாக. அந்த எட்டு மில்லிமீட்டர் ஸ்பிரிங்கை விறைப்பாக்காது. முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கும். அதனால் மூக்கு உயரத்தில் நிற்கும். விறைப்பு வேறு, முன்னழுத்தம் வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

மூக்கு உயர்ந்தால் ஹேண்டில் கொஞ்சம் கனக்கும். அதற்கு ஈடாக முன் டயர் காற்றை 22-லிருந்து 25 ஆக்கினார். எல்லாம் முடிந்து மறுபடி ரப்பர் பேண்டு. நான் மட்டும் என்றால் 22. அரிசிச் சிப்பத்தோடு 27. அழுத்திப் பிரேக் பிடித்தால் 60. இருபது மில்லிமீட்டர் கையிருப்பு. ஆயில், சீல், கோன்செட், லேத் கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. "இடது பக்கம் ஏன் மோசம்னு சொன்னீங்க? வண்டி ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?" என்று யோசித்துக்கொண்டே, என்னை மைதானத்தில் வட்டம் அடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரே கண்டுபிடித்தார். நம் நாட்டில் இடது பக்கமாகப் போகிறோம். அதனால் இடது திருப்பம் குறுகல், வலது திருப்பம் அகலம். குறுகலில் தள்ளல் அதிகம். சாயாத வண்டியில் உடம்பையாவது உள்பக்கம் சாய்க்க வேண்டும். வலது பக்கம் சாய எனக்கு வலது கால் ஊன்றுகோலாக இருக்கிறது. இடது பக்கம் சாய ஊன்றுவதற்குக் காலில் பலம் இல்லை. ஆகவே இடது திருப்பத்தில் நான் பொம்மை மாதிரி நேராகவே உட்கார்ந்திருக்கிறேன், பல வருஷமாக.

அவர் வலது பக்க ஃபுட்போர்டில் ஒரு வளைந்த தகடு வெல்டு வைத்தார். வலது பாதத்தின் மேல்பக்கம் அதற்கடியில் பொருந்தும். இடது பக்கம் திரும்பும்போது வலது பாதத்தை மேலே தூக்கி அழுத்தினால், உடம்பு தானாக இடது பக்கம் சாய்கிறது. பலம் உள்ள காலை வைத்துப் பலம் இல்லாத பக்கம் சாய்வது! ஆபத்து வந்தால் பாதத்தைப் பின்னால் இழுத்தாலே வெளியே வந்துவிடும். கட்டிப்போட்ட மாதிரி இருக்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். எத்தனையோ டாக்டர்கள் என் காலை அளந்திருக்கிறார்கள். வண்டி ஓட்டும்போது அந்தக் கால் என்ன செய்கிறது என்று பார்த்தது இவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானத்தில் முளையடித்துக் கயிறு கட்டி, ஆறு மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டோம். பின் சீட்டில் அரிசிச் சிப்பம். பன்னிரண்டு, பதினாலு, பதினாறு என்று வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இடதில் பத்துச் சுற்று, வலதில் பத்துச் சுற்று. பிறகு சுற்றும்போதே பிரேக். தம்பி உள்வட்டத்தில் கூடவே ஓடி வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போர்க்கை எவ்வளவு சரிசெய்தாலும் முக்கோணம் மாறாது. கவிழும் வேகம் என்று ஒன்று இருக்கிறது. அது கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. மாறியது என்ன என்றால், முன்பு அந்த எல்லை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. மூக்கு குனிந்து, ஹேண்டில் துள்ளி, சக்கரம் எழும்பி, எல்லாம் ஒரே நொடியில். இப்போது வண்டி முதலில் லேசாக வெளிப்பக்கம் அழுத்துகிறது, ஹேண்டில் கனம் கூடுகிறது, உள்பக்கச் சக்கரம் மண்ணில் போடும் தடம் மெலிகிறது. அதற்குள் வேகத்தைக் குறைக்க எனக்கு நேரம் கிடைக்கிறது. "கவுத்தப்போறேன்னு முன்னாடியே சொல்லிட்டா நாம பாத்துக்கிடலாம்லா அண்ணாச்சி" என்றார் தம்பி. மொத்த வேலைக்கும் அவர் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான்.

என் மனைவி வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொண்டுவந்தவள், போகாமல் நின்றுவிட்டாள். நான் வட்டத்தை முடித்து நிறுத்தியதும் தம்பி சிப்பங்களை அவிழ்த்து இறக்கினார். அவள் பக்கத்தில் வந்து சக்கரத்தைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். "அரிசித் தவிடா இருக்கு, தொடைச்சு விடுங்க" என்றாள். துடைத்தேன். ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த இடது திருப்பம் வந்தபோது அவள் கை என் தோளை ஒருமுறை இறுக்கியது. திருப்பம் முடிந்ததும் விட்டுவிட்டது.

அந்த வருஷம் மார்ச் 27-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவும் சேர்ந்த தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லாத பகுதி என்று சான்று கொடுத்தது. டிவியில் பார்த்தபோது சந்தோஷம்தான். எங்கள் வகையறா இத்தோடு முடிகிறது, முடியட்டும். ஆனால் விபத்தாலும் வேறு நோயாலும் சைடு வீல் வண்டி தேவைப்படுகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், நம் போன்றவர்களின் வண்டி தனியாக வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்று ஒரு விளக்கம் இருந்தது. 2019 திருத்தத்தில்தான் மாற்றியமைத்த வண்டிக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். சட்டம் இடம் கொடுத்தால் போதாது. மாற்றியமைத்ததை ஓட்டுகிற ஆளுக்குப் பொருத்தவும் வேண்டும். சட்டைக்கு அளவெடுக்கிறோம், செருப்புக்கு அளவெடுக்கிறோம். ஸ்பிரிங்குக்கு யாரும் அளவெடுப்பதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு வண்டி இருந்தால், அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

முன் டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். சைடு வீல் இரண்டிலும் ஒரே அளவு காற்று இருக்கட்டும்.

ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் கோன்செட் போய்விட்டது.

போர்க் ஆயிலை வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். கம்பியில் ஆயில் கசிவு தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். முன் பிரேக்கில் ஆயில் பட்டால் அப்புறம் பிரேக்கே இல்லை.

ரப்பர் பேண்டு வைத்து அளந்து பாருங்கள். மொத்த அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆள் ஏறியதுமே போய்விட்டால், ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்தவில்லை. இதைச் சரிசெய்வது தெரிந்த மெக்கானிக்கின் வேலை. வீட்டில் ஸ்பிரிங்கை வெட்டிப் பார்க்காதீர்கள்.

பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். திருப்பத்துக்குள் முன் பிரேக் வேண்டாம். உடம்பை உள்பக்கம் சாயுங்கள். சாய முடியாத பக்கம் எது என்று உங்கள் மெக்கானிக்கிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எங்கள் வண்டியின் அளவுகளை ஒரு சீட்டில் எழுதி டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். 22, 27, 60, முன் காற்று 25. எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. போன வருஷம் என் எடை நாலு கிலோ குறைந்தபோது, தம்பி மறுபடி அளந்து அதில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினார். இருபத்திரண்டு இப்போது இருபத்தொன்று.